குளியல்கூடத்துச் செர்ரி மரம்

நெகிஷி டோக்கியே ஒரு நாளைக் குறித்துவிட்டால் அந்த நாளில் டோக்கியோ முழுக்கச் செர்ரி பூத்தே தீரும் என்று எங்கள் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார் என்று விசாரித்தால் பாதிப்பேர் டோக்கியேவைத்தான் கைகாட்டுவார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. அவளும் கணவன் மசனோரியும் பள்ளிச் சீருடைக் கடை வைத்திருக்கிறார்கள். நடுநிலைப் பள்ளியில் சேரப்போகும் பையனைத் தலை முதல் கால் வரை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். "மூணு வருஷத்துல பதினாலு சென்டிமீட்டர் வளருவான்" என்பாள். அதற்குத் தக்கபடி கால்சட்டையின் மடிப்புத்துணியை உள்ளே விட்டுத் தைப்பாள். மூன்றாம் வருடம் அந்த மடிப்பைப் பிரித்தால் சரியாக இருக்கும். அம்மாக்கள் வாயைப் பிளப்பார்கள். அவர்கள் பிளக்கும் வரை டோக்கியே கத்தரியைக் கீழே வைக்காமல் காத்திருப்பாள்.

அப்படிப்பட்டவளிடம் தெருச் சங்கம் பூ நடையை ஒப்படைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு ஞாயிறு. காலையில் அசுகாயமா பூங்காவில் கூடி, அங்கிருந்து கால்நடையாகவே உவேனோ பூங்காவுக்குப் போய், நீலத் தார்ப்பாயில் உட்கார்ந்து மதியச் சோறு. பிறகு சுமிதா ஆற்றங்கரைப் பூங்கா, பொழுது சாய வீடு. அமைப்பாளரின் கையில் சிவப்புத் துணிப்பட்டை கட்டியிருக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டை டோக்கியேவின் இடது கையில்தான்.

நடப்பது பெரிய விஷயம் இல்லை. நாளைக் குறிப்பதுதான் விஷயம். செர்ரி முழுசாக விரிந்து நிற்பது ஒரு வாரம்கூட இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே நாளைச் சொன்னால்தான் கடைக்காரர்கள் விடுப்புப் பலகையை எழுதுவார்கள், சோற்றுப் பெட்டிக்குச் சொல்லிவைக்க முடியும். எல்லாவற்றையும்விட, வீடு வீடாகச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகை இருபத்திரண்டு வீட்டிலும் படித்ததற்கான முத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பவே ஐந்து நாள் பிடிக்கும்.

டோக்கியேவின் வழி இது. கடை மாடியின் ஜன்னலைத் திறந்தால் எதிரே இவாகிரியின் பொதுக் குளியல்கூடம். அதன் பின்சுவரை ஒட்டி ஒரே ஒரு செர்ரி மரம். அதில் முதல் பூ விரிந்த நாளிலிருந்து பதினாறு நாள் எண்ணுவாள். அதை ஒட்டி வரும் ஞாயிறுதான் நடை. பூங்காக்களில் அன்று கிளை தெரியாமல் பூ நிற்கும். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு தேதியைச் சொல்லி, மாற்றி, மறுபடி மாற்றிக்கொண்டிருக்கும்போது அவள் எப்போதோ சொல்லி முடித்திருப்பாள்.

ஒரே ஒரு தடவை, ஆறாவது வருடம், போய்ப் பார்த்தால் பாதிப் பூ தலைக்கு மேலே இருந்தது, பாதி சோற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. "கொட்டற நேரம் பாத்துதான் இந்தத் தடவை குறிச்சேன். கொட்டும்போதுதான் அழகு" என்று டோக்கியே அறிவித்தாள். சோற்றிலிருந்து இதழைப் பொறுக்கியபடியே எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

இந்த வருடம் நடைக்கு ஒரு புது ஆள் சேர்ந்திருந்தார். இவாகிரி. எழுபத்துநான்கு வயது. இருபத்துமூன்று வயதில் குளியல்கூடத்துக் கொதிகலனின் வாயில் போய் உட்கார்ந்தவர். பகல் பன்னிரண்டுக்கு விறகைத் தள்ளிப் பற்றவைத்தால்தான் மூன்றரைக்குக் கதவைத் திறக்கும்போது தொட்டி கொதிக்கும். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். ஆகவே ஐம்பது வருடத்தில் ஒரு நடைக்கும் அவர் வந்ததில்லை. நடந்து களைத்து வருகிறவர்களுக்கு வெந்நீர் தயாராக இருந்தது, அவ்வளவுதான். போன நவம்பரில் கொதிகலனில் விரிசல் விட்டது. மாற்றக் கட்டுப்படியாகாது என்று கதவைச் சாத்தினார்.

ஜனவரியிலேயே சீருடைக் கடைக்கு வந்து தலை குனிந்து நின்று, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து டோக்கியேவைக் குடும்பப் பெயரால் கூப்பிட்டார்.

"நெகிஷி-சான், இந்த வருஷம் என்னையும் பட்டியல்ல சேத்துக்குவீங்களா?"

"சேத்தாச்சு. நல்ல செருப்பு, இல்ல, ஷூ வாங்கிக்குங்க. பன்னண்டு கிலோமீட்டர்."

"முழுப் பூவா இருக்குமா?"

"யார்கிட்ட கேக்கறீங்க?" என்றாள் டோக்கியே. "கிளை தெரிஞ்சா என்னைக் கேளுங்க."

வார்த்தை கொடுத்தாயிற்று. அவர் அடுத்த நாளே சாம்பல் நிற ஷூ வாங்கி, தினமும் தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்து அதைப் பழக்க ஆரம்பித்தார்.

மார்ச் இருபதாம் தேதி, வியாழக்கிழமை காலை, குளியல்கூடத்து மரத்தில் மூன்று பூ. டோக்கியே ஜன்னலிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். வழக்கத்தைவிட எட்டு ஒன்பது நாள் தாமதம். குளிர் அதிகம், வசந்தம் பிந்தி வருகிறது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பதினாறு நாள் எண்ணினாள். ஏப்ரல் ஐந்து, சனி. அதை ஒட்டி வரும் ஞாயிறு ஏப்ரல் ஆறு.

சங்கச் செயலாளர் குசுமிக்கு இது பிடிக்கவில்லை. தேயிலைக் கடைக்காரன், நாற்பத்திரண்டு வயது, எதையும் அச்செடுத்துக் கொண்டுவருகிறவன். அன்றும் பூ முன்னறிவிப்பு அச்சிட்ட ஒரு தாளோடு வந்தான்.

"டோக்கியே-சான், மார்ச் முப்பதுல முழுப் பூன்னு போட்டிருக்கான். ஆறாம் தேதின்னா இலைதான் மிஞ்சும்."

"உங்க தாள் மரத்தை மோந்து பாத்துச்சா?"

"தாள் எப்படி மோந்து பாக்கும்?"

"அதான் சொல்றேன். நான் பாத்தேன்."

அறிவிப்புப் பலகை கிளம்பியது. அதோடு டோக்கியே தையல் இயந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். ஏப்ரலில் பள்ளி திறப்பு. மார்ச்சின் கடைசிப் பத்து நாள் அவளுக்கு வானம் நீலமா சாம்பலா என்றுகூடத் தெரியாது. கடைசி நேரத்தில் ஓடிவரும் அம்மாக்கள், பொத்தான்கள், பெயர்த் துணிகள், நாற்பது கால்சட்டைகள். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் அவள் முதல் தடவையாகத் தெருமுனையைத் தாண்டினாள். ஒரு பெண்பிள்ளையின் மேல்சட்டையை ஆற்றங்கரை வீடொன்றில் கொடுக்க வேண்டியிருந்தது.

பாலத்துக்கு வந்தவள் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டாள். ஆற்றின் இரண்டு கரையிலும் செர்ரி. கிளை தெரியவில்லை. நுனியில் மிச்சமிருக்கும் மொட்டுகளும் இரண்டு நாளில் விரிந்து நிறைந்துவிடும். ஒன்பது நாள் போனால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

மனிதர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி நாய்க்குப் பூவைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிந்திய வசந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊர் முழுக்க நேரத்துக்குத்தான் பூத்திருக்கிறது. அப்படியானால் பிந்தியது எது?

மேல்சட்டையைக் கொடுத்துவிட்டு நேராகக் குளியல்கூடத்தின் பின்பக்கம் போனாள். மரத்தைச் சுற்றிவந்தாள். பின்சுவரை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள். செங்கல்லில் ஐம்பது வருடப் புகைக்கறை. சுவருக்கு அந்தப்புறம் கொதிகலன் அறை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. இந்த மரம் இத்தனை வருடமும் குளிர்காலம் முழுக்க நெருப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டு நின்றிருக்கிறது. அதனால்தான் ஊருக்கு ஒன்பது நாள் முந்திப் பூத்தது. அவள் பதினாறு நாள் எண்ணியதும் பொருந்தியது. நவம்பரில் நெருப்பு அணைந்தது. மரம் எல்லா மரத்தையும் போல ஒரு மரம் ஆகிவிட்டது. அவள் மட்டும் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள்.

துடைப்பச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மூடிய குளியல்கூடத்தின் வாசலை இன்னமும் தினம் பெருக்குகிற இவாகிரி, சாம்பல் நிற ஷூவோடு மூலையில் நின்றார். சுவரிலிருந்து அவள் கையை எடுத்ததைப் பார்த்தார்.

நெருப்பு அணைந்ததால் வந்த வினை என்று சொன்னால் இந்த மனிதர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தே முதுகை ஒடித்துக்கொள்வார் என்று டோக்கியேவுக்குத் தெரியும். ஆகவே அதை விழுங்கிக்கொண்டாள்.

"இவாகிரி-சான், ஆத்தங்கரையில பூத்துடுச்சு. வாங்க, இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடலாம். கடையை மசனோரி பாத்துப்பான்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்தார்.

"பூவா? பூ எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறையில இதே ஆத்தங்கரைக்குத் தனியாப் போய்ப் பாத்திருக்கேன்." வார்த்தைகளைத் தேடினார். "உங்களையெல்லாம் வாளியும் துண்டுமாத்தான் பாத்திருக்கேன். எல்லாரும் சேந்து மரத்தடியில உக்காந்து சாப்பிடறதைப் பாத்ததில்ல. அதுக்குத்தான் பேர் குடுத்தேன். ஆறாம் தேதியே வர்றேன். இலைன்னாலும் பரவாயில்ல."

"இலையா? என் நடையிலயா?" என்றாள் டோக்கியே.

கடைக்குத் திரும்பும் ஐம்பது அடியில் முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை ஒரு நாள் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை மழையும் காற்றும் என்கிறார்கள். ஆகவே ஞாயிறு, முப்பதாம் தேதி. குசுமியின் தாளில் இருந்த அதே தேதி. அது தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது. குத்தட்டும்.

தேயிலைக் கடையில் குசுமி தகர டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"குசுமி-சான், நடையை இந்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்தணும். என் கணக்கு தப்பு."

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். "இன்னொரு தடவை சொல்லுங்க, காது சரியாக் கேக்கல."

"தப்பு. என் கணக்கு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இதைக் கேக்கத் தெருவே பன்னண்டு வருஷம் காத்திருந்துச்சு, எனக்கு வாச்சிருக்கு." சிரித்துவிட்டு முகத்தைச் செயலாளர் முகமாக மாற்றிக்கொண்டான். "ஆனா அறிவிப்புப் பலகை நேத்துதான் எல்லா முத்திரையும் வாங்கிட்டு வந்துச்சு. மறுபடி அனுப்ப நாள் ஏது?"

"பலகை வேணாம். நானே வீடு வீடாப் போறேன்."

"போய் என்ன சொல்லுவீங்க? கொட்டும்போதுதான் அழகுன்னு சொன்னீங்களே ஒரு வருஷம், அந்த மாதிரியா?"

"தப்பாக் குறிச்சுட்டேன்னு சொல்லுவேன்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. காதைச் சொறிந்தான். "அப்ப அமைப்பாளர் பட்டை? தேதி என்னோடதுதானே."

டோக்கியே கைப்பையிலிருந்து சிவப்புப் பட்டையை எடுத்து டப்பாக்களுக்கு நடுவே வைத்தாள். "கட்டிக்குங்க. வழி மட்டும் என்னோடது. உங்களை முன்னால விட்டா யோகோஹாமாவுல போய் நிப்போம்."

அன்று மாலையும் மறுநாள் காலையும் இருபத்திரண்டு வாசல். ஒவ்வொரு வாசலிலும் நேராக நின்று, "தப்பாக் குறிச்சுட்டேன், என் பிழைதான், ஞாயித்துக்கிழமை வர முடியுமா" என்று சொல்லிக் குனிந்தாள். முதல் வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏழாவது வாசலுக்குள் அந்த வாக்கியம் பழகிய கத்தரி மாதிரி ஓட ஆரம்பித்தது. மீன் கடைக்காரரின் மனைவி, "நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சதே மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சோற்றுப் பெட்டிக் கடை கையை விரித்துவிட்டது. அவரவர் வீட்டில் சோற்றுருண்டை பிடித்து வருவதென்று ஆயிற்று. மூன்று பேர் வர இயலாது என்றார்கள், அதில் ஒருவர் பிறகு மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மசனோரி பாக்கியிருந்த ஆறு கால்சட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ போய் மீதி வாசலைப் பாரு. மடிப்பு கோணலா இருந்தா அம்மாங்ககிட்ட நான் தைச்சேன்னு சொல்லிக்கறேன்" என்றான். டோக்கியேவுக்கு அவன்மேல் அன்று ரொம்பப் பிரியமாக இருந்தது.

ஞாயிறு வெயிலோடு வந்தது. மசனோரி விடியலிலேயே உவேனோவுக்குப் போய்த் தார்ப்பாயை விரித்து அதன் நடுவில் படுத்து இடம் பிடித்துவிட்டான். மற்றவர்கள் அசுகாயமாவில் கூடினார்கள். சிவப்புப் பட்டை கட்டிய குசுமி இரண்டு தரம் ஆளை எண்ணினான், இரண்டு தரமும் தன்னை விட்டுவிட்டு எண்ணினான். இவாகிரி நடுவில் நடந்தார். பூவை நிமிர்ந்து பார்த்ததைவிடத் தன் முன்னால் போகிறவர்களின் முதுகையே அதிகம் பார்த்தார். யார் யாரோடு பேசிக்கொண்டு நடக்கிறார்கள், யார் நொண்டுகிறார்கள், யார் வழியிலேயே தின்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கவனித்துச் சிரித்துக்கொண்டார். டோக்கியே அவரை ஓரக்கண்ணால் பார்த்தபடியே நடந்தாள்.

உவேனோவில் கிளை தெரியவில்லை. ஒன்றுகூட. தார்ப்பாயின் ஓரத்தில் வரிசையாக ஷூக்கள், நடுவில் பெட்டிகள், வறுத்த கோழி, இனிப்பு முட்டை, புளித்த பிளம் வைத்த சோற்றுருண்டை, மீன் கடைக்காரர் கொண்டுவந்த சாகே என்ற அரிசி மது. இவாகிரிக்குக் கிண்ணத்தை யாரும் காலியாக விடவில்லை. தான் உண்மையிலேயே கெட்டிக்காரி என்ற எண்ணம் டோக்கியேவுக்கு மறுபடி தலைதூக்க ஆரம்பித்தது. தப்பைக்கூட இவ்வளவு அழகாக யார் திருத்துவார்கள்?

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும். இவாகிரி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். ஓரத்துக்குப் போய்க் குனிந்து வலது ஷூவை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் டோக்கியே.

"அடுப்பு..." என்றார். அப்படியே நின்றுவிட்டார்.

குசுமி தன் பெட்டியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டான். "இவாகிரி-சான், இன்னிக்கு நாங்க யாரும் குளிக்கப் போறதில்ல. நாத்தத்தோட வீட்டுக்குப் போறோம். உக்காருங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, ஒரு காலில் ஷூவோடு ஓரத்திலேயே உட்கார்ந்தார். டோக்கியே ஒரு சோற்றுருண்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பன்னண்டு மணிக்கு வெளியில இவ்வளவு வெளிச்சமா இருக்குமா," என்றார் அவர். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு சுவத்துல கை வச்சீங்களே. சில்லுனு இருந்துச்சா?"

சோற்றுருண்டை டோக்கியேவின் கையிலேயே நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த மரத்தைக் குளிர்காய வச்சவன் நான்தானே."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு வருஷம் பாதிப் பூ கொட்டிப்போச்சே, கொட்டும்போதுதான் அழகுன்னு சொன்னீங்களாமே. குளிக்க வந்தவங்க சொன்னாங்க. அந்த வருஷம் பூ விரியறதுக்கு முன்னாடி குழாய் ரிப்பேர்னு பத்து நாள் அடுப்பை அணைச்சிருந்தேன். அப்பதான் புரிஞ்சுது." அவர் ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். "அதுக்கப்புறம் பிப்ரவரி பொறந்தா வெள்ளிக்கிழமை விடுமுறையிலயும் கொஞ்சம் விறகு போட்டு வச்சிருவேன். உங்க கணக்கு தப்பிடக் கூடாதில்ல. வெந்நீருக்கு ஆள் இல்ல, மரத்துக்கு மட்டும் எரியும்."

அவள் எண்ணிய பதினாறு நாட்களின் இந்தப்புறம் ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். அந்தப்புறம் இந்த மனிதர் தன் ஒரே விடுமுறை நாளிலும் நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்ப இந்த வருஷம் ஏன் சொல்லல? உங்களுக்கு முதல் தடவை. இலையைப் பாத்துட்டுத் திரும்பியிருப்பீங்களே."

"எப்படிச் சொல்றது? மூணு பூவைப் பாத்துட்டு ஜன்னல்லேர்ந்து அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீங்க." நிஜமாகவே சங்கடப்பட்டார். "பூ அடுத்த வருஷமும் பூக்கும் நெகிஷி-சான்."

வெட்கம் அவளுக்குக் காது வரை ஏறியது. அதைவிட அதிகமாக, இந்த மனிதர்மேல் கோபமா பிரியமா என்று பிரிக்க முடியாத ஒன்று வந்தது. ஆனால் டோக்கியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்காருகிற ரகம் இல்லை. எழுந்து நின்றாள்.

"குசுமி-சான், அந்தப் பட்டையைக் கழட்டுங்க."

"இதோ பாருங்க, அரை நாள் கூட ஆகல," என்று குசுமி பட்டையை மறு கையால் பொத்திக்கொண்டான். "வாக்கு குடுத்தீங்க."

"எனக்கில்ல. கழட்டுங்க, சொல்றேன்."

சொன்னாள். சுவரையும் நெருப்பையும் வெள்ளிக்கிழமை விறகையும் இருபது பேருக்கும் கேட்கும்படி, தன் பெருமையில் ஒரு துண்டையும் ஒளித்துவைக்காமல் சொன்னாள். இவாகிரி, "வேணாம், வேணாம்" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். குசுமி பேசாமல் பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். டோக்கியே அதை இவாகிரியின் இடது கையில் கட்டி, தையல்காரியின் பழக்கத்தில் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எனக்குப் பூங்கா எதுவும் தெரியாதே," என்றார் அவர். "கொதிகலனைத் தவிர ஒரு வழியும் தெரியாது."

"பன்னண்டு வருஷமா தேதி சொன்னது நீங்கதான். முன்னால நடங்க."

பெட்டிகளைக் கட்டினார்கள், தார்ப்பாயை மடித்தார்கள். இவாகிரி இரண்டு ஷூவையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டை கட்டிய கையை விறைப்பாக உடம்பிலிருந்து தள்ளிவைத்தபடி, முன்னால் போய் நின்றார். இடமும் வலமும் பார்த்தார். பிறகு சுமிதா ஆறு இருக்கும் கிழக்கை விட்டுவிட்டு நேர் மேற்கே, உவேனோ பூங்காவின் குளத்தை நோக்கித் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

குசுமி வாயைத் திறந்தான். டோக்கியே அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். வழியை ஒருபோதும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இவாகிரியின் பின்னால் மேற்கே போனாள், அவள் பின்னால் தெருவே போனது.